“ஊரு மாறிப்போச்சு டீச்சர்!”

  மலையிலிருந்து வரும் காற்று இன்னும் குளிராகத்தான் இருக்கிறது. இது கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் தாவிப் போகாமல் கடைசி வரை படியுங்கள். வகுப்பில் சொன்ன மாதிரியே சொல்கிறேன், கடைசி பெஞ்சும் கவனிக்கணும்!

பொங்கலுக்கு என் தம்பி மகன் சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கினான். ‘ரயிலில்’ என்று எழுதும்போதே ஒரு சந்தோஷம். நம் மீட்டர் கேஜ் வண்டியை 2010 கடைசியில் நிறுத்தினார்கள். அகலப்பாதை போட்டு மதுரையிலிருந்து தேனி வரை வண்டி வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூனில். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ரயில் சத்தமே கேட்காமல் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் இந்த ஊரில் வளர்ந்துவிட்டார்கள். தம்பி மகன் ஸ்டேஷனில் இறங்கி, வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்ன முதல் வார்த்தை, “அத்தை, ஊரே மாறிப்போச்சு!”

இதை நான் வருஷா வருஷம் கேட்கிறேன். நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்கள். சித்திரைத் திருவிழாவுக்குப் பரமசிவன் மலைக்கு வருகிறவர்கள், கல்யாணத்துக்கு வருகிறவர்கள், துக்கத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “ஊரு மாறிப்போச்சு டீச்சர்” என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் காபியையே கையில் வாங்குகிறீர்கள். நானும் “ஆமாப்பா” என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை ஆட்ட முடியவில்லை. அதற்குக் காரணம் ஒரு சினிமா.

மாட்டுப் பொங்கல் அன்று ராத்திரி தம்பி மகன் ஓர் ஆங்கிலப் படம் போட்டான். பெயர் ‘தி வேர்ல்ட்ஸ் எண்ட்’. 2013-இல் வந்தது. எட்கர் ரைட் இயக்கியது. சைமன் பெக் என்ற நடிகர்தான் கதாநாயகன், எழுதியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. “சயின்ஸ் ஃபிக்‌ஷன், ஆனா காமெடி அத்தை” என்றான். கீழே ஓடுகிற எழுத்தை நான் படிப்பதற்குள் ஓடிவிடுகிறது, அதனால் அவனே பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னான். பல இடங்களில் சொல்லாமல் விட்டுவிட்டான். கெட்ட வார்த்தை போலிருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பறையில் இருந்தவளுக்கு அது தெரியாதா!

கதை இதுதான். கேரி கிங் என்று ஒருத்தன். நாற்பதைத் தாண்டிவிட்டான், ஆனால் மனசு பள்ளிக்கூடம் முடித்த 1990-லேயே நின்றுபோய்விட்டது. அப்போது அவனும் நான்கு கூட்டாளிகளும் தங்கள் சின்ன ஊரான நியூட்டன் ஹேவனில் ஒரே ராத்திரியில் பன்னிரண்டு மதுக்கடைகளுக்கும் போவது என்று கிளம்பி, முடிக்க முடியாமல் விழுந்துவிட்டார்கள். அதை இப்போதாவது முடிக்க வேண்டுமாம். வேலை, குடும்பம் என்று செட்டிலாகிவிட்ட நான்கு பேரையும் பொய் சொல்லி ஊருக்கு இழுத்துக்கொண்டு வருகிறான். அதில் ஒருத்தன் குடியையே விட்டுவிட்டவன், கடையில் போய்ப் பச்சைத் தண்ணீர் கேட்கிறான். (குடிக் கதையை டீச்சர் எழுதுகிறாளே என்று பார்க்காதீர்கள். நம் ஊரில் எடுத்தால் பன்னிரண்டு டீக்கடை என்று மாற்றிக்கொள்ளலாம். பஸ் ஸ்டாண்டில் தொடங்கினால் பன்னிரண்டு தாராளமாகத் தேறும்.)

வந்து பார்த்தால் ஊரில் யாருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை. ஒரு காலத்தில் தானே இந்த ஊருக்கு ராஜா என்று நினைத்துக்கொண்டிருந்தவன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. முதல் கடையும் இரண்டாவது கடையும் உள்ளே அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கின்றன. அவன் முகம் சுருங்கிப்போகிறது. அப்புறம்தான் படம் திரும்புகிறது. கழிவறையில் ஒரு பையனோடு கைகலப்பு. பையனின் தலை கழன்று விழுகிறது, உள்ளே நீல மை மாதிரி ஏதோ ஒழுகுகிறது. ஊர்க்காரர்களில் முக்கால்வாசிப் பேர் இயந்திர மனிதர்கள்! வேற்றுக் கிரகத்துச் சக்தி ஒன்று, மனிதர்களைச் சீர்திருத்துகிறேன் என்று வந்து, ஒத்துக்கொள்ளாதவர்களை எடுத்துவிட்டு அதே முகத்தில் இயந்திரங்களை நிறுத்தியிருக்கிறது.

இதில் எனக்குச் சிரிப்பு எங்கே வந்தது தெரியுமா? உண்மை தெரிந்ததும் கேரி பயப்படுவதைவிட அதிகமாக நிம்மதி அடைகிறான். ‘என்னை ஊர் மறக்கவில்லை, ஊரைத்தான் மாற்றிவிட்டார்கள்’ என்று அவனுக்கு ஓர் ஆறுதல். தான் மறக்கப்பட்டதை ஏற்றுக்கொள்வதைவிட, ஊரில் இருப்பவர்கள் மனிதர்களே இல்லை என்று நம்புவது அவனுக்குச் சுலபமாக இருக்கிறது. பிள்ளைகளே, “ஊரு மாறிப்போச்சு” என்று நீங்கள் விடுகிற பெருமூச்சில் இந்த நிம்மதி கொஞ்சம் கலந்திருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். யோசியுங்கள், போதும்.

நம் தமிழிலும் இதற்குப் பக்கத்தில் வருகிற படங்கள் உண்டு. ஆர். ரவிக்குமார் இயக்கிய ‘அயலான்’ 2024 பொங்கலுக்கு வந்தது. சிவகார்த்திகேயன் நடித்தது, என் பேரப்பிள்ளைகள் மூன்று தடவை பார்த்தார்கள். அதில் வேற்றுக் கிரகத்துப் பிராணி ஒன்று பூமிக்கு வருகிறது. வந்த வேலையை முடித்துக்கொண்டு தன் ஊருக்குத் திரும்ப வேண்டும், அதுதான் அதன் ஒரே கவலை. அதற்குத் துணையாக நிற்கிறவன் விவசாயத்தை விட்டுக் கடனோடு பட்டணத்துக்குப் போன கிராமத்துப் பையன். ஆக இரண்டு பேருமே ஊரை விட்டு வந்தவர்கள்தான்! அதே 2024-இல் வந்த பிரேம் குமாரின் ‘மெய்யழகன்’ விஞ்ஞானக் கதை இல்லை. ஆனால் ஊர் திரும்புகிற கதை. இருபது வருஷத்துக்கு மேல் கழித்துத் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வருகிறவனை, ஊரிலேயே இருந்துவிட்ட ஒருத்தன் அப்படித் தாங்குகிறான். வந்தவனுக்கோ அவன் பெயரே ஞாபகம் வரவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியாமல் தவிக்கிறான். ஆங்கிலப் படத்தில் ஊர் இவனை மறந்துவிட்டது என்பது குறை. தமிழ்ப் படத்தில் இவன் ஊரை மறந்துவிட்டான் என்பது குற்றவுணர்ச்சி. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

சரி, போடிக்கு வருவோம். மாறவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. மாறத்தான் செய்திருக்கிறது. ஏலக்காயையே எடுத்துக்கொள்ளுங்கள். கூவி ஏலம் விட்ட காலம் போய், வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டனைத் தட்டுகிறார்கள். குடோனில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கண்ணால் பார்த்துப் பிரித்த காயை, கேமரா வைத்த மெஷின் நிறம் பார்த்துத் தள்ளிவிடுகிறது. 2018 வெள்ளத்துக்கும் அடுத்து வந்த வறட்சிக்கும் பிறகு, 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. ஊரே தலைகால் புரியாமல் ஆடியது. அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே இறங்கியபோது, கடன் வாங்கித் தோட்டம் பிடித்தவர்கள் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வெளியூரில் இருந்த உங்களுக்கு அது ஒரு செய்தி. இங்கே இருந்தவர்களுக்கு அது பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸ்.

வேற்றுக் கிரகக் கதை கேட்டுச் சிரிக்கிறோம். நம் பொட்டிப்புரத்தை மறந்துவிட்டீர்களா? அம்பரப்பர் மலையைக் குடைந்து, சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம் போட்டு, 50,000 டன் இரும்பில் ஒரு கருவி வைத்து நியூட்ரினோவைப் பிடிக்கப் போகிறோம் என்றார்கள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. சூரியனிலிருந்து வருகிற அந்தத் துகள்கள் நொடிக்கு லட்சம் கோடிக்கணக்கில் நம் உடம்புக்குள் புகுந்து நமக்கே தெரியாமல் போய்க்கொண்டிருக்கின்றன. நான் அறிவியல் பாடம் எடுத்தவள். அந்தத் துகளால் ஆபத்தில்லை என்று தெரியும், அப்படியே சொல்லவும் செய்தேன். ஆனால் அந்த ஊர்க்காரர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி வேறு. “டீச்சர், அந்தத் துகள் நல்லதா கெட்டதாங்கிறது இருக்கட்டும். எங்க மலையைக் குடையுறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?” மலையின் தண்ணீர், மேய்ச்சல், வெடி வைத்தால் வீட்டுக்கு என்ன ஆகும், இதெல்லாம் அவருடைய கவலை. கடைசியில் 2022-இல் தமிழ்நாடு அரசே இந்தத் திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. ஆய்வு வந்திருந்தால் நல்லதா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குள் வழக்கு ஓடுகிறது. ஆனால் அந்தப் பெரியவரின் கேள்வி நியாயமானது என்பதில் சந்தேகமில்லை. படத்தில் கடைசியாகக் கேரி அந்தச் சக்தியிடம் முரண்டு பிடிப்பதும் இதற்குத்தான். நாங்கள் முட்டாளாகவே இருந்தாலும், எங்களைத் திருத்துவதற்கு நீ யார் என்று.

இனிமேல்தான் எனக்குச் சிரிப்பு நின்றுபோன இடம். படத்தில் அவர்களுடைய பழைய பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வருகிறார். பியர்ஸ் பிராஸ்னன் நடித்திருக்கிறார், ஜேம்ஸ் பாண்டாக வந்தாரே, அவரேதான். அன்பாகப் பேசுகிறார். பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார். எல்லாம் உங்கள் நன்மைக்குத்தான், ஒத்துக்கொள்ளுங்கள், இன்னும் நல்லவர்களாக ஆகிவிடலாம் என்று விளக்குகிறார். அவர் அந்தச் சக்தியின் ஆள்!

தம்பி மகன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அந்த வாத்தியாரைப் பார்த்தால் என்னைப் பார்ப்பது போலவே இருந்தது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வாய்ப்பாடு சொல்லாத பையனிடம் நான் என்ன சொல்வேன்? “படிக்கலைன்னா மலைக்குத்தான் போகணும். காய் பறிக்கத்தான் லாயக்கு.” என்னைத் தவிர யாரும் சொல்லவில்லை என்று இல்லை, போடியில் எல்லா ஆசிரியர்களும் சொன்னதுதான். ஆனால் நான் சொன்னேன். அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் அன்று விடிகாலையில் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி, பூப்பாறைப் பக்கம் காய் பறிக்கப் போயிருந்தார்கள். பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஊரை விட்டுப் போவதுதான் பாஸ், இருந்துவிடுவது ஃபெயில் என்று நான் மார்க் போட்டுவிட்டேன். நீங்கள் பெங்களூருக்கும் துபாய்க்கும் போனதில் எனக்குப் பெருமைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் போனவர்களுக்குக் கொடுத்த பெருமையை இருந்தவர்களிடமிருந்து பிடுங்கித்தான் கொடுத்தேனோ என்று இப்போது தோன்றுகிறது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள். எங்கள் அப்பா கட்டிய பழைய வீட்டில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது, சொந்தக்காரர்களுக்குத் தெரியும். பதினொரு வருஷமாக இருக்கிறார்கள். வாடகைக் கணக்கெல்லாம் என் வீட்டுக்காரர்தான் பார்த்தார். அவர் காலமான பிறகு அந்த அம்மா முதல் தடவையாக வாடகையை என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கி நின்றது. “டீச்சர், நான் உங்ககிட்ட அஞ்சாப்புப் படிச்சேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது.”

இல்லை. ஞாபகம் இல்லை. இன்ஜினியர் ஆன பிள்ளைகளின் இனிஷியல் வரைக்கும் எனக்குத் தெரியும். இரண்டு தெரு தள்ளி, என் அப்பா வீட்டிலேயே குடியிருக்கிற மாணவியை எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மா சீசனில் மலைக்குப் போகும், மற்ற நாளில் குடோனில் வேலை. எட்டு மில்லி காய், ஏழு மில்லி காய் என்று சல்லடை போடாமலே விரலால் தடவிச் சொல்லிவிடும். மூத்த பெண் இப்போது நர்சிங் படிக்கிறாள். தினமும் சாயங்காலம் ஜீப்புகள் அந்த வளைவுகளில் இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஊர் திரும்புகிற கதை என்று நாம் உருகுகிறோமே, இவர்கள் மாநில எல்லையைத் தாண்டிப் போய் தினமும் ஊர் திரும்புகிறார்கள். அதை யாரும் படமாக எடுக்கவில்லை.

இதை இவ்வளவு தூரம் எழுதக் காரணம் உண்டு. தம்பி மகன் பொங்கலுக்கு மட்டும் வரவில்லை. என் தம்பிகள் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். வாடகைக்கு இருப்பவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, வீட்டை அப்பா காலத்தில் இருந்த மாதிரியே எடுத்துக் கட்டுவது. அதே திண்ணை, அதே ஊஞ்சல், அதே பச்சைக் கதவு. நாம் வரும்போது தங்கலாம், மற்ற நாளில் மலையைப் பார்க்க வருகிற சுற்றுலாக்காரர்களுக்கு விடலாம். அதற்கு என் கையெழுத்தும் வேண்டும்.

தம்பிகளா, குடும்பக் குரூப்பில் சொன்னால் சண்டையாகிவிடும் என்றுதான் இங்கே நிதானமாக எழுதுகிறேன். உங்கள் பாசம் எனக்குப் புரிகிறது. அந்த ஊஞ்சலில் நானும்தான் ஆடினேன். ஆனால் அந்தப் படம் எப்படி முடிகிறது தெரியுமா? அந்தச் சக்தி கோபித்துக்கொண்டு போய்விடுகிறது. போகிற போக்கில் உலகத்தில் கரண்ட், கம்ப்யூட்டர் எல்லாம் அணைந்துவிடுகிறது. எல்லோரும் எப்படியோ வாழப் பழகிக்கொள்கிறார்கள். கேரி மட்டும் தன் கூட்டாளிகளின் இளவயது முகத்தோடு இருக்கிற இயந்திரங்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறான். பழையது வேண்டும் என்று கேட்டான், அதன் நகல் கிடைத்துவிட்டது. ஒன்று மட்டும் நல்லது, கடையில் போய் இப்போது அவன் கேட்பது தண்ணீர்.

நீங்கள் கட்டப்போகும் வீடும் அப்படி ஒரு நகலாகத்தான் இருக்கும். அம்மா இருக்க மாட்டாள். அடுப்பு எரியாது. வருஷத்தில் பத்து நாள் நாம் வந்து போட்டோ எடுத்துக்கொள்வோம். இப்போது அங்கே தினமும் விளக்கு எரிகிறது, ஒரு பெண் சத்தம் போட்டுப் படிக்கிறாள், முற்றத்தில் துணி காய்கிறது. அப்பா எதற்காக வீடு கட்டினார், இதற்குத்தானே? அதனால் காலி செய்யச் சொல்கிற தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். விற்பதானால் விற்கலாம், ஆனால் முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும். அவர்களுக்குக் கட்டுப்படியாகிற மாதிரி, என் பங்கைத் தவணையில் வாங்கிக்கொள்ள நான் தயார். என் மேல் வருத்தப்படுங்கள், ஆனால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். சித்திரைக்கு எல்லோரும் வாருங்கள், என் வீட்டில் தங்குங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது, எது இன்னும் இருக்கிறது, எது போய்விட்டது என்று கணக்கெடுக்காதீர்கள். உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, இந்த ஊரிலேயே இருந்துவிட்ட ஒருத்தரைத் தேடிப் போய்ப் பாருங்கள். பெயர் மறந்திருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேளுங்கள். “ஊரு மாறிப்போச்சு” என்று மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள், அவரை வைத்துக்கொண்டுதான் அது மாறியது.

அந்த அம்மாவின் பெயரை நான் இப்போது மறப்பதில்லை. அனுமதி கேட்காததால் இங்கே எழுதவில்லை. போன வாரம் வாடகை கொடுக்க வந்தபோது, முப்பது வருஷத்துக்கு முன்னால் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டேன். அது சிரித்துவிட்டு, “அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் டீச்சர்” என்றது. மறக்கவில்லை என்று முகம் சொன்னது. போகும்போது ஒரு பொட்டலம் ஏலக்காய் வைத்துவிட்டுப் போனது. எட்டு மில்லி காய்.

எல்லோரும் நன்றாக இருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், காது திருக மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், போடிநாயக்கனூர்